புழுவெட்டு

கூலாய் ரயில்வே குவாட்டர்ஸ்
4-2-1932

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி இராசம்மா எழுதுகிறேன். பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம். யோகம் மச்சாளுக்கு மூச்சு முட்டு வருத்தம் குறைந்ததா? மூவார் ஆற்றுக் காற்று அவவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்தீர்கள். அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஸ்டேஷனில் ஆள்குறைப்பு. இருந்த இரண்டு கணக்குக் கிராணிகளில் ஒருவரை நிறுத்திவிட்டார்கள். அந்த வேலையையும் உங்கள் மச்சானே பார்க்கிறார். வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை. சந்திரமதிக்கு நாலு வயது முடிந்துவிட்டது. ரயில் சத்தம் கேட்டால் அப்பா வருகிறார் என்று வாசலுக்கு ஓடுகிறாள்.

ஒரு சின்ன விஷயம். வெள்ளிக்கிழமை தலைமுழுகும்போது காதுக்குப் பின்னால் கை வழுக்கியது. கண்ணாடி இரண்டு வைத்துப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு முடியே இல்லை. வலியில்லை, சொறியில்லை. சீவிய பாக்குப் போல மழமழவென்று இருக்கிறது.

உடுப்புத் தோய்க்க வரும் பேச்சியம்மாள் பார்த்துவிட்டு, "இது புழுவெட்டும்மா. பூச்சி ராவுல மயிர தின்னுட்டுப் போயிடும். சின்ன வெங்காயத்த அறுத்து, ரத்தம் கசியற மாதிரி தேய்க்கணும்" என்றாள். கூலியாட்களின் லைன் வீட்டில் தனியாக இருக்கும் மனுசி. மருந்துச் செடி எல்லாம் தெரிந்தவள். தானே உட்கார்ந்து தேய்த்தும் விட்டாள்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் டிரெசராக இருப்பதால் கேட்கிறேன், இதற்கு உங்கள் மருந்து ஏதும் உண்டா? மச்சாளுக்குச் சொல்லாதீர்கள், அவ சிரிப்பா.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
இராசம்மா


மூவார்
15-2-1932

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. மச்சாள் இப்போது எழும்பி நடமாடுகிறா. சந்திராக்குட்டிக்கு மாமாவின் இரண்டு முத்தம்.

புழுவெட்டுக்குப் பயப்படாதே. பூச்சி கீச்சி ஒன்றும் இல்லை. மனக்கவலையாலும் வரும், காரணம் இல்லாமலும் வரும், தானாகவே முளைக்கும் என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். வெங்காயச்சாறு தோலைச் சிவக்க வைக்கும், அவ்வளவுதான், கெடுதல் இல்லை. இத்துடன் ஒரு களிம்பு அனுப்புகிறேன். வேறு இடத்திலும் முடி கொட்டுகிறதா என்று பார்த்து எழுது.

உனக்கு என்ன கவலை? அதையும் எழுது.

அன்புடன்,
அண்ணன் அம்பிகைபாகன்


கூலாய்
20-3-1932

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு நாளாக விடாத மழை. உடுப்புக் காயவில்லை, சந்திராவுக்கு மூக்கு ஒழுகுகிறது. மற்றப்படி சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன்.

தலையில் ஒன்று மூன்றாகிவிட்டது. வெங்காயம் தேய்த்தேன். கரிசலாங்கண்ணிச் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பூசினேன். செம்பருத்தி இலையை அரைத்து அப்பினேன். தலையணை பச்சையாகிப்போனது, ஒரு மயிர் முளைக்கவில்லை. கொண்டையைச் சரித்துப் போட்டு மறைத்துக்கொள்கிறேன். உங்கள் மச்சான் ஒருநாள், "தலைக்கு என்ன செய்யிறாய், வீடெல்லாம் வெங்காய மணம்?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை, வெக்கைக்கு" என்றேன்.

இப்போது பேச்சியம்மாள் சேங்கொட்டை கொண்டுவந்திருக்கிறாள். வண்ணார் துணிக்குக் குறி போடுவார்களே, அந்தக் கொட்டைதான். சுட்டால் கறுப்பாக எண்ணெய் வடிகிறது. தலையில் பட்டதும் நெருப்பை வைத்தது போல எரிந்தது. கத்திவிட்டேன். அவளோ வெறும் விரலால் தொட்டுத் தொட்டு வைக்கிறாள். அடுத்த நாள் அவள் விரல் நுனியில் பெரிய கொப்புளம். "எப்ப வந்தது?" என்றேன். அவளும் அப்போதுதான் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். வேலை செய்து காய்த்த கை, பாருங்கள்.

எழுத மறந்துவிட்டேன். இடது புருவத்தின் ஓரம் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. அங்கேயும் அந்த எண்ணெயில் ஒரு பொட்டு வைத்திருக்கிறோம்.

மச்சாளுக்கு என் அன்பு.
இராசம்மா


மூவார்
24-3-1932

இராசம்மா,

நலம். உன் நலம் அறிய வேண்டும், இந்த முறை உண்மையாகவே.

அந்தக் கொட்டையை உடனே நிறுத்து. அது தோலை வேகவைக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் வைக்க உனக்கு யார் சொன்னது?

இரண்டு கேள்விக்குப் பதில் எழுது. கண்ணை மூடிக்கொண்டு புருவத்தின் ஓரத்திலும் தலையில் முடி போன இடத்திலும் ஊசி நுனியால் மெல்லக் குத்திப் பார். நோகிறதா? உடம்பில் எங்காவது தோல் வெளிறி, தொட்டால் தெரியாமல் இருக்கிறதா?

ஒன்றும் இருக்காது. கேட்டுவைக்கிறேன், அவ்வளவுதான். இதைப்பற்றி அங்கே ஒருவரிடமும் கதைக்காதே. மச்சான் சோமசேகரத்திடமும் இப்போது வேண்டாம். அடுத்த தபாலிலேயே பதில் போடு.

அண்ணன்


கூலாய்
19-5-1932

அன்புள்ள அண்ணைக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னிக்கவும். நீங்கள் போட்ட மற்ற இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வீட்டில் வேலை அதிகம். இவர் சுகம், சந்திரா சுகம், நானும் சுகம்.

ஸ்டேஷன் பின்பக்கத்து ரம்புத்தான் மரம் இந்த வருடம் நன்றாகப் பூத்திருக்கிறது. புது ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர், பக்திமான். சந்திரா அ, ஆ எழுதுகிறாள். இ எழுதச் சொன்னால் அழுகிறாள்.

தலை சுகமாகிவிட்டது. அதைப்பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம்.

மச்சாளுக்குப் பிள்ளைகள் இல்லாத குறை. சந்திராவை அங்கே கொஞ்சக் காலம் வைத்திருப்பீர்களா? ஆறு மாதமோ ஒரு வருடமோ. அவளுக்கு மச்சாள் என்றால் உயிர். அடுத்த மாதம் இவருடைய சிநேகிதர் மூவார்ப் பக்கம் வருகிறார், அவரோடு அனுப்பலாம். நீங்கள் இங்கே வந்து சிரமப்பட வேண்டாம். வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போகிறார்கள், தங்க வசதிப்படாது.

இராசம்மா


மூவார்
23-5-1932

என் தங்கச்சிக்கு,

மூன்று கடிதம் போட்டேன். இரண்டு மாதம் கழித்து ரம்புத்தான் மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஊசியைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிள்ளையைத் தாராளமாக அனுப்பு. ஆனால் நாலு வயதுப் பிள்ளையை ஒரு தாய் ஒரு வருடத்துக்கு ஏன் அனுப்புகிறாள் என்று மச்சாள் கேட்கிறா. நான் என்ன சொல்ல? அவவுக்குத் தெரியாமல் முற்றத்தில் போய் நின்றுகொண்டு உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உன் எழுத்து சாய்ந்திருக்கிறது. சின்ன வயதில் பொய் சொல்லி எழுதினால்தான் உனக்கு அப்படிச் சாயும்.

ஒரே ஒரு வரி எழுது, இராசம்மா. நொந்ததா, நோகவில்லையா?

அண்ணன்


கூலாய்
2-6-1932

அண்ணை,

சுகம் விசாரிக்கக்கூடக் கை வரவில்லை.

நோகவில்லை.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே குத்திப் பார்த்தேன். புருவ ஓரத்தில் குத்தினேன், ஒன்றும் தெரியவில்லை. தலையில் இரண்டு இடத்தில் தெரியவில்லை. மூன்றாம் நாள் திரும்பவும் குத்தினேன். ஊசி நுனி நிற்பதைக் கண்ணாடியில் பார்க்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை. வேறு யாருடைய தோலிலோ குத்துவது போல இருந்தது. அது என்ன வியாதி என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டபடியால்தான் எனக்கு விளங்கியது.

அன்றிலிருந்து என் கோப்பை வேறு, பாய் வேறு. நான் குசினியில் அடுப்போரம் படுக்கிறேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தன் துவாயை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கிவிட்டார். சந்திரா, "அம்மா, நீங்கள் ஏன் என்னோட படுக்கிறேல்லை?" என்று கதவைத் தட்டுகிறாள். நான் திறப்பதில்லை. தட்டித் தட்டி அங்கேயே நித்திரையாகிவிடுகிறாள். இவர் வந்து தூக்கிக்கொண்டு போகிறார்.

உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்றா கேட்கிறீர்கள்? போன வருடம் இங்கே வந்தபோது சொன்னீர்களே, ஒரு மீன்காரியின் காதுத் தடிப்பைக் கண்டு நீங்கள்தான் டாக்டரிடம் சொன்னீர்கள் என்று. நீங்கள்தான் அவள் பெயரை எழுதினீர்கள். அவளை வியாதிக்காரர் விடுதிக்கு மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனபோது பிள்ளைகள் சந்தி வரைக்கும் பின்னால் ஓடிவந்தார்கள் என்றீர்கள். சோற்றைப் பிசைந்துகொண்டேதான் அதைச் சொன்னீர்கள், அண்ணை. நான் அப்போது உங்களுக்குக் குழம்பு விட்டுக்கொண்டிருந்தேன்.

நான் உங்களுக்குப் பயப்பட்டேன். உலகத்தில் வேறு எவரை விடவும் உங்களுக்குத்தான்.

மத்தியான எக்ஸ்பிரஸ் இங்கே நிற்காமல் போகும். வேலியோரத்தில் நின்று அதைப் பார்க்கிறேன். வேறொன்றும் எழுத மாட்டேன். பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள். என் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

இராசம்மா


மூவார்
18-6-1932

அன்புள்ள தங்கச்சிக்கு,

கூலாயிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். பத்துபகாட் பஸ் வழியில் பழுதாகி ஒருநாள் பிந்தியது. மச்சாள் முட்டோடு வாசலிலேயே நின்றா. "இராசம்மாவுக்கு ஒன்றுமில்லை" என்றதும் அழுதா.

உன் கடிதம் கிடைத்து, லீவு கேட்டு, கூலாய் வந்து சேரும் வரை நான் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. அதை உனக்குச் சொல்லவில்லை. எக்ஸ்பிரஸ் நேரம் எனக்கும் தெரியும். ஒவ்வொரு மத்தியானமும் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

நடந்ததை எழுதிவைக்கிறேன், திரும்பப் பயம் வந்தால் எடுத்து வாசி. மூன்று நாள் தேங்காய் எண்ணெய் வைத்து ஊறப்போட்டதும் அந்தக் கறுத்த பொருக்கு கழன்றது. நான் தடுத்த பிறகும் நீ வைத்த சேங்கொட்டை எரித்த தோல் அது, செத்த தோல். செத்த தோலில் நீ ஊசியைக் குத்தியிருக்கிறாய். அடியில் இருந்த தோலில் நான் தொட்டதும் நீ கத்திய கத்தலில் சோமசேகரம் ஸ்டேஷனிலிருந்து ஓடிவந்தாரே! அவர் சுவரில் சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டது உனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். உன் கை, கால், முதுகு, எல்லா இடத்திலும் இறகால் தடவிச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. காதுக்குப் பின்னால் வெள்ளையாகப் பூனைமயிர் முளைத்திருக்கிறது. புழுவெட்டு ஆறும்போது அப்படித்தான் முதலில் வரும். உனக்குப் பெருவியாதி இல்லை, குஷ்டம் இல்லை.

இனி, அங்கே வைத்து நான் சொல்லாத ஒன்று.

நான் வந்த இரண்டாம் நாள் பேச்சியம்மாள் தண்ணீர் கொதித்த கேத்தலை அடுப்பிலிருந்து வெறும் கையால் இறக்கினாள். துணி பிடிக்கவில்லை. கையை உதறவும் இல்லை. அதன் பிறகு அவளைக் கவனித்தேன். சுண்டுவிரல் மடங்கியிருக்கிறது, நீட்ட வரவில்லை. காதுச்சோணை தடித்திருக்கிறது. புருவம் இரண்டும் மையால் எழுதியது. நீ கவனித்ததே இல்லையா?

இது தொட்டவுடன் ஒட்டும் வியாதி இல்லை. நெடுநாள் பழக்கத்தில்தான் வரும் என்பார்கள். ஆனால் வந்தாலும் தெரிய இரண்டு வருடம், ஐந்து வருடம் ஆகும். அதுவரை உன்னையும் சந்திராவையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் பார்க்க வேண்டும். பிள்ளையை அவள் மடியில் விடாதே.

நான் இதை டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டியவன். இன்னும் எழுதவில்லை.

அண்ணன்


கூலாய்
25-6-1932

அன்புள்ள அண்ணைக்கு,

மச்சாளின் அழுகையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவவுக்கு என் நமஸ்காரம். இவர் சுகம். துவாய் பழையபடி கொடிக்கு வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவள் உட்காரும் பாயை எரித்தேன். தோய்த்துத் தந்த உடுப்பை எல்லாம் திரும்ப அவித்தேன். சந்திராவை உரித்து நிறுத்திக் கால் விரல் இடுக்கு வரை ஊசியால் தொட்டுப் பார்த்தேன். பிள்ளை வீரிட்டு அழுதது, அந்த அழுகை எனக்குத் தேனாக இருந்தது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் பேச்சியம்மாளைப் பற்றி ஒரு நினைப்பு வந்தது.

மூன்று மாதம் என் தலை அவள் மடியில் இருந்தது. நான் அழுதால் அவள் கதை சொல்லுவாள். எனக்கு வியாதி என்று நான் நினைத்த நாட்களில் என்னைத் தொட்டது அவள் மட்டும்தான்.

உங்கள் கடமையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மோட்டாரும் போலீசும் லைனுக்கு வந்தால் அவள் காட்டுக்குள் ஓடிவிடுவாள். பத்து நாள் பொறுங்கள். அவளோடு நான் பேச வேண்டும். எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. அவள் வந்தால் கதவைப் பாதிதான் திறக்கிறேன். தலை சுகமாகிவிட்டது என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடுகிறேன்.

இராசம்மா


மூவார்
29-6-1932

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம்.

பத்து நாள் அல்ல, ஒரு மாதம் பொறுக்கிறேன். தெரிந்துகொண்டு பொறுப்பது எனக்கு இதுவே முதல் தடவை.

அவளுக்கு ஒன்று சொல். ஜொகூர்பாருவில் அந்த நோயாளர் விடுதியில் இப்போது நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போடுகிறார்கள். அதுவும் ஒரு மரத்துக் கொட்டையிலிருந்து எடுப்பதுதான். நோகும், வாராவாரம் போட வேண்டும். சிலருக்கு நின்றுவிடுகிறது. சிலருக்கு நிற்பதில்லை. பொய் சொல்லாதே.

அந்த மீன்காரியைப் பற்றி நீ எழுதியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பெயரை எழுதினேனே தவிர, அவளோடு ஒருவர் கூடப் போகலாம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

அண்ணன்


கூலாய்
21-7-1932

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் இருவரின் சுகத்துக்கும் கோயிலில் அர்ச்சனை செய்தேன். இங்கு மூவரும் சுகம்.

நேற்று பேச்சியம்மாளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

போன வாரம் அவளைப் பின் விறாந்தையில் இருத்தினேன். தொடங்கத் தெரியாமல், "உன்ர கையில சூடு தெரியுதா, பேச்சி?" என்று கேட்டேன். அவள் கையைப் பார்த்தாள்.

"தெரியாதும்மா. ரெண்டு வருசமாத் தெரியாது."

"என்ன வியாதி எண்டு தெரியுமோ?"

"எங்க அப்பனுக்கு வந்துச்சும்மா. எனக்குத் தெரியாதா? அந்தச் சேங்கொட்டைய எனக்குத்தான் மொதல்ல வாங்கினேன். புருவத்துல தேச்சுத் தேச்சுப் பார்த்தேன். மொளைக்கல."

"தெரிஞ்சுகொண்டே என்னைத் தொட்டனியோ? இந்த வீட்டில ஒரு பிள்ளை இருக்கிறது உனக்குத் தெரியாதோ?" என்று கத்தினேன். அண்ணை, அப்படி ஒரு கத்தல் என் வாயிலிருந்து வந்ததே இல்லை.

அவள் தன் கையை மடியில் மடக்கி வைத்துக்கொண்டாள். பிறகு, "பாப்பாவ நான் தொட்டதே இல்லம்மா. நல்லா நெனச்சுப் பாருங்க. நீங்கதான் கூப்பிட்டீங்க. உள்ள வந்து உக்காருன்னீங்க. ரெண்டு வருசமா நான் யாரு வீட்டுக்குள்ளயும் போனதில்ல, யாரையும் தொட்டதில்ல. நீங்க அழுதீங்க. அன்னைக்கு வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்ல மனசு வரல" என்றாள்.

நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். சந்திரா ஓடிவந்தால் அவள் எழும்பித் தள்ளிப்போவாள். பிள்ளைகளைப் பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

ஊசி மருந்தைச் சொன்னேன். நீங்கள் எழுதியபடியே, நோகும் என்றும் நிற்காமலும் போகலாம் என்றும் சொன்னேன். "போலீசு வருமா?" என்று கேட்டாள். "வராது. நான் கூட வாறன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. இவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு டிக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

வண்டியில் எதிர் எதிராக உட்கார்ந்தோம். அவள் ஒரு மூட்டையும் பித்தளைச் செம்பும் வைத்திருந்தாள். புருவம் எழுதவில்லை. முகம் கழுவித் திருநீறு பூசியிருந்தாள். வழி முழுவதும் வெளியேதான் பார்த்தாள். ஜொகூர்பாருவில் இறங்கி, வெயிலில் நெடுந்தூரம் நடந்தோம்.

விடுதி வாசலில் ஒரு கிராணி பெயர் கேட்டார். நான்தான் சொன்னேன். "பேச்சியம்மாள்." அவர் எழுதினார். சொந்தக்காரர் யார் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் என் பெயரையும் கூலாய் விலாசத்தையும் சொன்னேன். அதையும் எழுதினார். இதுவரை நான் செய்தது சரி என்று நீங்கள் சொல்வீர்கள்.

கேட்டைத் திறந்தார்கள். அவள் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். "அம்மா, ஒரு தரம் காட்டுங்க, மொளைச்சிருக்கான்னு பாத்துட்டுப் போறேன்" என்று என் காதுப்பக்கம் கையை நீட்டினாள்.

நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

நினைத்துச் செய்யவில்லை, அண்ணை. கை வந்தது, என் கழுத்துத் தானாகப் பின்னால் போனது. ஒரு நொடிதான். உடனே குனிந்து காட்டினேன், முக்காட்டை விலக்கினேன், "பார் பேச்சி, முளைச்சிருக்கு, தொட்டுப் பார்" என்றேன்.

அவள் அதற்குள் கையை முந்தானைக்குள் வைத்துவிட்டாள். எட்டி நின்றே பார்த்தாள். "நல்லா மொளைச்சிருக்கும்மா" என்றாள். பிறகு, "வெயிலு ஏறுது, நீங்க போங்க, பாப்பா தேடும்" என்றாள்.

இப்படிக்கு,
இராசம்மா